ஐம்பது பேருக்கு முக்குறுணி நெல்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், நந்தியைச் சுற்றி வருவார்கள். கல்வெட்டில் ஈடுபாடு உள்ளவர்கள், அங்கே ஆடுவதற்காக அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்ப் பட்டியலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஓதுவாராகிய எனக்கு அந்தக் கோயிலில் நெருக்கமான கல்வெட்டு வேறொன்று. ராஜராஜ சோழன் திருப்பதியம் என்னும் தேவாரப் பதிகம் பாடுவதற்கென்று பிடாரர் நாற்பத்தெட்டுப் பேரை அமர்த்தினான். அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆக ஐம்பது பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். அதை ஆடவல்லான் என்று இறைவன் பெயர் சூட்டிய மரக்காலால் அளந்து தர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஏற்பாட்டின் பெருமை புரியும். பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஒரு பாடகருக்கு நாளுக்குக் கால் கலம். ஐம்பது பேருக்கும் சேர்த்து நாள்தோறும் பன்னிரண்டரைக் கலம். ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தாலும் ஒருவருக்கு 90 கலம். தளிச்சேரிப் பெண் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் என்று இருந்தது. ஆடுகிறவரையும் பாடுகிறவரையும் அரசன் ஏறத்தாழ ஒரே தட்டில் வைத்திருக்கிறான்.

எனக்கு அந்தக் கல்வெட்டில் மிகவும் பிடித்தது நெல் கணக்கு அல்ல, அதன் பின்னால் வரும் நிபந்தனை. இவர்களில் ஒருவர் இறந்துபோனாலோ வெளிநாடு போய்விட்டாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். அந்த உறவினருக்குப் பாடும் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரைப் பாட வைக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால், மற்றப் பாடகர்கள் கூடித் தகுதியுள்ளவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு, பரம்பரை உரிமை கெட்டியாக இருந்த காலத்தில், பாட்டு என்று வந்தவுடன் தகுதிதான் கடைசி வார்த்தை ஆகியிருக்கிறது.

அப்பர், சம்பந்தர், சுந்தரர் என்று மூவர் பெருமை பேசும்போது நாம் அவர்களுடைய அற்புதங்களைப் பேசுகிறோம். கல் மிதந்ததும், மறைக்காட்டுக் கதவு திறந்ததும், முதலை உண்ட பாலன் மீண்டதும் நம் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். அந்தப் பெருமையில் ஐயமில்லை. ஆனால் ஏழாம் நூற்றாண்டிலும் எட்டாம் நூற்றாண்டிலும் பாடிய பாட்டு இன்றைக்கு என் தொண்டையில் இருக்கிறது என்றால், இடையில் எத்தனை தொண்டை அதைக் கைமாற்றித் தந்திருக்க வேண்டும்? அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, குருபூசையும் இல்லை. அந்தப் பாடுவார் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மூவருமே பிறர் பாடுவார்கள் என்று நினைத்துத்தான் பாடினார்கள். சம்பந்தர் பதிகம் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதற்கு ஒரு கட்டுக்கோப்பு இருக்கும். எட்டாம் பாட்டில் மலையைத் தூக்கிய இராவணன் வருவான். ஒன்பதாம் பாட்டில் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும் வருவார்கள். பத்தில் சமணர், பௌத்தர். பதினொன்றில் சம்பந்தர் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, இந்தப் பாடலைப் பாடுவோருக்கு என்ன பயன் என்றும் சொல்லி முடிப்பார். அதைத் திருக்கடைக்காப்பு என்கிறோம். அந்தப் பதினோராம் பாட்டைப் பாடும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பாடிய பிள்ளை, தமக்குப் பின்னால் யாரோ ஒருவர் இதே இடத்தில் நின்று பாடப்போகிறார் என்று எண்ணி, அவருக்கென்று ஒரு வாழ்த்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த யாரோ ஒருவர் நான்தான், நீங்கள்தான்.

திருவாரூரில் சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடினார். தனியடியார்களைப் பெயர் சொல்லி வணங்கியதோடு ஒன்பது தொகையடியார்களையும் சேர்த்து வணங்கினார். அந்த ஒன்பதில் ஒரு கூட்டம் பரமனையே பாடுவார். பெயரில்லாமல், ஊரில்லாமல், செய்யும் தொண்டை மட்டும் அடையாளமாக வைத்து ஒரு கூட்டத்தை நாயன்மார்களோடு சேர்த்து வைத்த பெருமனம் அது. சிற்றூர்க் கோயிலில் நாலு பேர்கூட இல்லாத காலைச் சந்தியில் பாடுகிற ஓதுவாருக்கு அதைவிடப் பெரிய பட்டம் எவரும் கொடுத்துவிட முடியாது.

பாட்டோடு பண்ணும் சேர்ந்து வந்தது யாரால் என்பதையும் சொல்ல வேண்டும். சம்பந்தர் தலம் தலமாகப் போனபோது உடன் போனவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பாணர் குலத்தவர். மனைவி மதங்கசூளாமணியார். பிள்ளை பாடப் பாட அவர் யாழில் வாசித்தார். திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணர் வீட்டில் எல்லோரும் தங்கினார்கள். பாணருக்கும் அவர் மனைவிக்கும் இடம் கொடுக்கச் சொன்னார் சம்பந்தர். நீலநக்கர் தம் வீட்டின் நடுவே, வேள்வித் தீ இருந்த இடத்தின் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். தீ வலமாகச் சுழித்து முன்னைவிட ஓங்கி எரிந்தது என்கிறது பெரியபுராணம். சேக்கிழார் இதை 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் எழுதுகிறார். பாட்டுக்கு முன்னால் குலம் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சோழ அரசவைக்குள்ளேயே வைத்துச் சொல்லியிருக்கிறார்.

அதே பாணர் ஒருமுறை கலங்கிப் போனார். காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழ் நரம்பில் அடங்கவில்லை. பாணர் யாழையே முறித்துவிட ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, அடங்கிய அளவுக்கு வாசித்தால் போதும் என்று யாழைக் கையில் கொடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்று பெயர். நாங்கள் இன்று அதை அடாணாவில் பாடுகிறோம். கருவியால் முடியாததைக் குரல் செய்யும் என்பதற்கு அது சாட்சி.

பதிகங்கள் கிடைத்த கதையை உமாபதி சிவம் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. சோழ மன்னன் ஒருவன் பதிகங்களில் சிலவற்றைக் கேட்டு உருகி, மற்றவை எங்கே என்று தேடினான். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, பொல்லாப் பிள்ளையாரிடம் கேட்டுத் தில்லையில் இருப்பதாகச் சொன்னார். பாடிய மூவரும் வந்தால்தான் அறையைத் திறப்போம் என்றார்கள் தில்லையில். மன்னன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறந்தான். ஏடுகள் மேல் புற்று மூடியிருந்தது. எண்ணெய் வார்த்து எடுத்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. மிஞ்சியதை நம்பி ஏழு திருமுறைகளாக அடைத்தார். இன்று நம்மிடம் உள்ளது ஏறத்தாழ 800 பதிகம், 8,000-க்கும் மேற்பட்ட பாட்டு.

ஏடு கிடைத்ததும் வேலை முடியவில்லை. எந்தப் பாட்டை எந்தப் பண்ணில் பாடுவது? அதற்காக அவர்கள் தேடிப் போனது எருக்கத்தம்புலியூருக்கு. யாழ்ப்பாணர் பிறந்த ஊர் அது. விருத்தாசலம் பக்கத்தில் இன்று இராசேந்திரப்பட்டணம் என்கிறார்கள். அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண், பண்ணெல்லாம் அறிந்தவர், தில்லைக்கு வந்து பாடிக் காட்டினார். அதன்படி பண் அடைவு வகுத்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் புராணத்தில் இல்லை. எங்கள் தொழிலில் நாங்கள் பாடுகிற ஒவ்வொரு பண்ணுக்கும் அவரே ஆசிரியர் என்று நான் வைத்திருக்கிறேன்.

ஏடு அறைக்குள் பூட்டிக் கிடந்த காலத்திலும் பாட்டு வெளியில் நின்றுபோகவில்லை. இது கல்வெட்டு சொல்லும் செய்தி. வேலூர் மாவட்டத்துத் திருவல்லம் கோயிலில் 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கல்வெட்டு ஒன்று, நந்திவர்மன் காலத்தது, திருப்பதியம் பாடுவாருக்கு நிவந்தம் ஒதுக்கிய செய்தியைத் தருகிறது. ராஜராஜனுக்கு நூறாண்டுக்கும் முன்னதாகவே பாடுவார் கோயில் பணியாளர் ஆகிவிட்டார்கள். புராணமும் கல்வெட்டும் ஒன்றை ஒன்று வெட்டவில்லை. சில பதிகங்களைக் கேட்டு மன்னன் உருகினான் என்றால், அதை யாரோ பாடியிருக்க வேண்டும் அல்லவா?

தஞ்சையில் மூவர் பக்தி எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு இன்னும் இரண்டு சான்று உண்டு. பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான், நம்பியாரூரர் (சுந்தரர்), நங்கை பரவையார், திருநாவுக்கரையர் (அப்பர்), திருஞானசம்பந்தர் ஆகியோருக்குச் செப்புத் திருமேனி செய்து கொடுத்தார். அதிகாரி ஒருவர் தம் பொருளில் செய்த பக்தி அது. இன்னொன்று கருவறையைச் சுற்றிய உள் சுற்றில் இருக்கும் ஓவியம். நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அங்கே சுந்தரர் வெள்ளை யானை மேல் கயிலைக்குப் போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில் விரைகிறார். திருவெண்ணெய்நல்லூரில் கிழவராக வந்த சிவபெருமான் ஓலையைக் காட்டி வழக்காடுகிறார். கருவறைச் சுவரை ஒட்டி ராஜராஜன் வரைய வைத்த கதைகளில் ஒரு பாடகரின் வாழ்க்கையும் இருக்கிறது.

பின்வந்தவர்களும் விட்டுவிடவில்லை. முதலாம் குலோத்துங்கனின் தளபதி நரலோகவீரன் தில்லையில் தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதி வைத்ததோடு, அதைப் பாட மண்டபமும் கட்டினான். பல கோயில்களில் திருக்கைக்கோட்டி என்று ஓர் இடம் இருந்தது. திருமுறை ஏடுகளை அங்கே வைத்து வழிபட்டார்கள், படி எடுத்தார்கள், பழுதானதைப் புதுப்பித்தார்கள். தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போனால், நாயன்மார் வரலாறுகள் சாண் உயரச் சிற்பங்களாக வரிசையாக நிற்கும். வடபுறத்தில் சைவ ஆசாரியர் 108 பேரின் உருவங்கள் பெயரோடு இருக்கின்றன.

ஏடும் செப்பேடும் இருந்தும் தப்பியது எல்லாம் அல்ல. திருவிடைவாய் என்னும் ஊரின் சம்பந்தர் பதிகம் எந்த ஏட்டிலும் இல்லை. அந்த ஊர்க் கோயில் கல்லில் மட்டும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டுத் துறையினர் படித்தபோதுதான் வெளியில் வந்தது. இப்போது அதையும் தேவாரப் பதிப்புகளில் சேர்த்துப் பாடுகிறோம்.

சோழர் போன பிறகு நெல் அளந்த கைகள் மாறின. 16ஆம் நூற்றாண்டில் குருஞானசம்பந்தர் தருமபுரம் ஆதீனத்தைத் தோற்றுவித்தார். திருவாவடுதுறை, திருப்பனந்தாள் முதலான மடங்களும் பாடுவாரைத் தாங்கின. கட்டளை என்ற பெயரில் நிலம் விட்டு, அந்த வருமானத்தில் ஓதுவார்க்குச் சம்பளமும் படியும் கொடுத்தார்கள். பிள்ளைகளைச் சேர்த்துத் தேவாரப் பாடசாலை நடத்தினார்கள். அப்படி ஒரு பாடசாலையில்தான் நானும் வளர்ந்தேன். விடியற்காலையில் குளித்து, நீறு பூசி, திண்ணையில் வரிசையாக உட்காருவோம். எங்கள் ஐயா புத்தகத்தைத் தொட விடமாட்டார். “தம்பி, ஏட்டைப் பார்க்காதே, என் வாயைப் பார்” என்பார். ஓர் அடியை அவர் சொல்வார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். பாட்டு நெஞ்சில் நின்ற பிறகுதான் பண். பண் நின்ற பிறகுதான் தாளம். தாளத்தை அவர் தொடையில் தட்டித் தருவார். பிசகினால் நிறுத்திவிட்டு முதலடிக்கே போவார்.

பண்களுக்குப் பொழுது உண்டு. பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று மூன்று வகை. புறநீர்மை, காந்தாரம், கௌசிகம் பகலில் பாடுவது. மேகராகக்குறிஞ்சி, சீகாமரம் இரவில் பாடுவது. செவ்வழியும் செந்துருத்தியும் எந்நேரத்துக்கும் பொது. இன்றைய ராகக் கணக்கில் கௌசிகம் பைரவி, மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி, பழம்பஞ்சுரம் சங்கராபரணம், செந்துருத்தி மத்தியமாவதி. தாளமில்லாமல் நிதானமாக விரித்துப் பாடுவது சுத்தாங்கம். தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம். சென்னையில் 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம், 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்திவருகிறது. பண்ணுக்கும் ராகத்துக்கும் உள்ள உறவை அங்கே ஓதுவார்களும் சங்கீத வித்துவான்களும் எதிரெதிரே அமர்ந்து பாடிப் பாடித் தெளிந்தார்கள்.

கோயிலில் எங்கள் பணி என்னவென்று பலருக்குத் தெரியாது. ஒரு காலப் பூசையில் அலங்காரம் முடிந்து தீபாராதனை ஆகும். மணியும் மேளமும் ஓயும். குருக்கள் எங்களைப் பார்ப்பார். மகாமண்டபத்தில் ஓரமாக நின்று, கைகூப்பி, திருச்சிற்றம்பலம் சொல்லித் தொடங்குவோம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று வரிசையாக ஐந்தும் பாடி, மறுபடி திருச்சிற்றம்பலம் சொல்லி முடிப்போம். இது பஞ்சபுராணம். மொத்தம் சில நிமிடம். அந்தச் சில நிமிடத்துக்குள் ஏழாம் நூற்றாண்டிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டு வரைக்கும் சைவம் பாடிய பாட்டு வந்துவிடுகிறது. திருவிசைப்பா பாடியவர்களில் கண்டராதித்தர் சோழ மன்னர், செம்பியன் மாதேவியாரின் கணவர். அரசரும் பரமனையே பாடுவாராக நின்ற மரபு இது.

கூட்டம் அதிகமான நாளில் “சுருக்கமாக ஒன்று பாடுங்கள்” என்று பக்கத்தில் வந்து சொல்வார்கள். பாடுவேன். ஆனால் ஒரு பாட்டு என்பது பதிகம் ஆகாது. எல்லாப் பாட்டையும் ஒரே மூச்சில், அதற்குரிய பண்ணில் பாடினால்தான் அந்த ஊரின் வயலும் ஆறும் கோயிலும் சாமியின் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். அப்பர் திருவதிகையில் தம் சூலை நோய் தீரப் பாடிய பாட்டில் முதல் பாட்டை மட்டும் கேட்டால் வலி மட்டும் கேட்கும். முழுப் பதிகத்தையும் கேட்டால், தருமசேனராகச் சமணத்தில் இருந்தவர், தமக்கை திலகவதியார் கையால் நீறு வாங்கிப் பூசிக்கொண்டு, அடி அடியாக ஈசனிடம் திரும்பி வருவது கேட்கும். திலகவதியார் அந்தக் கோயிலில் திருவலகு இட்டு, மெழுகி, பூத்தொடுத்தவர். தம்பி பிற்காலத்தில் உழவாரப்படை ஏந்திப் புல் செதுக்கினார். கை செய்த தொண்டும் வாய் பாடிய பாட்டும் அவர்களிடம் பிரியவே இல்லை. சித்திரைச் சதயத்தில் திருப்புகலூரில் அவர் இறைவனடி சேர்ந்ததைக் கொண்டாடும்போது அந்த உழவாரத்தையும் சேர்த்தே வணங்குகிறோம்.

இன்று அறநிலையத்துறைக் கோயில்களில் ஓதுவார் பணியிடம் உண்டு, பயிற்சிப் பள்ளிகள் உண்டு. 2021இல் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராகப் பணியில் அமர்ந்தார். இது புதுமை என்று சிலர் வியந்தார்கள், சிலர் தயங்கினார்கள். என்னிடம் கேட்டவர்களுக்கு எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணை நினைவூட்டினேன். பண் வகுத்தவரே பெண் என்றால், பாட வருகிறவரிடம் கேட்க வேண்டியது பாடம் தெரியுமா, சுருதி நிற்குமா, நெஞ்சில் அன்பு இருக்கிறதா என்பது மட்டும்தான். இந்த வரலாற்றில் எந்த இடத்தில் தொட்டாலும் இதே விடைதான் கிடைக்கிறது. அந்தணப் பிள்ளை பாட, பாணர் வாசித்தார். வேளாளராகிய அப்பரை அந்தக் குழந்தை ‘அப்பரே’ என்று அழைத்தது. அந்த மூவர் பாட்டைக் காப்பாற்ற அரசன் தகுதியைக் கேட்டான்.

பாடகருக்குத் தகுதி எவ்வளவு வேண்டுமோ, கேட்பவருக்கு விருப்பமும் அவ்வளவு வேண்டும். பாடல் பெற்ற தலம் 276 என்று எண்ணுகிறோம். அவை ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பதிகம் உண்டு. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த பலருக்குத் தங்கள் ஊர்ப் பதிகத்தின் முதலடி தெரியாது. குற்றம் சொல்லவில்லை, கேட்க வாய்ப்பு வரவில்லை. அடுத்த பிரதோஷத்துக்கோ சோமவாரத்துக்கோ கோயிலுக்குப் போகும்போது, கூட்டம் கலைந்த பிறகு கொஞ்சம் நில்லுங்கள். ஓதுவாரிடம் போய், “எங்கள் ஊர்ப் பதிகத்தை முழுதாகப் பாடுங்கள் ஐயா” என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். குரல் கம்மியிருந்தாலும், அன்றைக்கு ஏழாவது முறை பாடுவதாக இருந்தாலும், அவர் மறுக்கமாட்டார். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை முழுவதையும் பாடுவார். சம்பந்தர் பதிகமானால், பதினோராம் பாட்டில் வரும் வாழ்த்து பாடுகிற அவருக்கு உரியது. உடன் சேர்ந்து ஓரடி பாடினால் அது உங்களுக்கும் உரியது.